எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவின் ஆறாவது விதி

கவிதா போன வாரம் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பள்ளியில் என் இடத்துக்குக் கணக்கு எடுக்க வந்தவள். “டீச்சர், ட்ரெய்னிங்ல ஒண்ணு சொல்லிக்குடுத்தாங்க. வகுப்புக்கு வேண்டிய விதிகளப் பிள்ளைங்களே போடணுமாம். இங்க வந்து சொன்னா, இதெல்லாம் ஜெயராணி டீச்சர் அப்பவே பண்ணிருச்சேன்னு சிரிக்கிறாங்க. எப்படிப் பண்ணுனீங்க? கொஞ்சம் எழுதி அனுப்புங்களேன்” என்றாள். ஓய்வு பெற்ற ஆசிரியையிடம் ‘கொஞ்சம்’ எழுதச் சொல்வது எவ்வளவு பெரிய வம்பு என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. போகப் போகத் தெரிந்துகொள்வாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அதை ஏதோ கொள்கைக்காகச் செய்யவில்லை. கோபத்தில் செய்தேன். அதிலும் நடுவில் பெரிய தப்பொன்று செய்தேன். என் தப்பால் ஒரு பெண்பிள்ளையின் படிப்பு நின்றுபோக இருந்தது. நிற்காமல் போனதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் மூன்று பேர். அவர்களில் இரண்டு பேருக்கு அப்போது வயது பதிமூன்று.

எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் டவுன்தான். கோயில் மணிக்கும் பள்ளிக்கூட மணிக்கும் நடுவில் வளர்ந்தேன். அப்பா, சித்தி, அக்கா எல்லாருமே வாத்தியார் வேலை. பி.எட். படிப்பில் பாடக்குறிப்பு எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள், கரும்பலகையைப் பார்த்துப் பேசக்கூடாது என்றார்கள். நாற்பது பிள்ளைகளை ஓர் அறையில் எப்படி உட்கார வைப்பது என்பதை மட்டும், நாங்கள் வாங்கிய அடியிலிருந்து நாங்களே கற்றுக்கொண்டோம். முதல் பத்துப் பன்னிரண்டு வருடம் நானும் அடித்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்புறம் பிரம்பைத் தொடக்கூடாது என்றார்கள். நல்லதற்குத்தான் சொன்னார்கள். ஆனால் பிரம்பை வாங்கி வைத்தவர்கள் பதிலுக்குக் கையில் ஒன்றும் தரவில்லை. அதனால் நான் ஒரு சார்ட் எழுதினேன்.

பச்சை மையில் கட்டம் கட்டி, ‘வகுப்பறை ஒழுங்குகள்’ என்று தலைப்புப் போட்டுப் பதினைந்து விதிகள். பேசக்கூடாது, தாமதமாக வரக்கூடாது, அனுமதியின்றி எழக்கூடாது. பதினைந்தும் ‘கூடாது’தான். லேமினேட் செய்து வைத்துக்கொண்டேன். எந்தப் பள்ளிக்கு மாறுதல் வந்தாலும் என் டிபன் பையோடு அதுவும் வரும். ரெட்டியார்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி, மினி பஸ் மட்டும் போய்வருகிற ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வந்தபோதும், முதல் வேலையாக எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவின் சுவரில் ஆணி அடித்து அதை மாட்டினேன்.

முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றாள். பெயர் நாகஜோதி. ரெட்டைச் சடை, எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாத வாய்.

“டீச்சர், இதுல வேற ஸ்கூல் பேரு போட்ருக்கு.”

திரும்பிப் பார்த்தேன். கீழே ஓரத்தில், ஐந்து வருடத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த பள்ளியின் பெயர். அதற்கும் கீழே ‘ஏழாம் வகுப்பு’. வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“அம்புட்டுத் தெரிஞ்சவுகல்ல, நீங்களே எழுதிக்கங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதுங்க. என்னத்த எழுதிக் கிழிக்கிறீங்கன்னு நானும் பாக்குறேன்” என்று கத்திவிட்டு சார்ட்டைக் கழற்றினேன். நான் சொன்னது வெறும் கோபம். அவர்கள் அதை வீட்டுப்பாடமாக எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு நாகஜோதி ஒரு காலி பிஸ்கட் டின்னோடு வந்தாள். கவிதா, நீ கேட்ட செய்முறை இதுதான். பாதி அவர்கள் கொண்டுவந்தது, பாதி நான் தடுமாறித் தடுமாறிச் சேர்த்தது. ஆளுக்கு ஒரு சீட்டு, ஒரு சீட்டில் ஒரு விதி. பெயர் எழுதக்கூடாது. டின்னைக் குலுக்கி ஒருவர் எடுத்து வாசிக்க வேண்டும். ஒப்புக்கொள்ளாதவர்கள் எழுந்து ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்ல வேண்டும், அவர்கள் பேசி முடிக்கும் வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது. கடைசியில் கை தூக்குவது. நிறைவேறியதை ஒரு மாதம் நடத்திப் பார்த்துவிட்டு, மாதக் கடைசி வெள்ளிக்கிழமை திரும்ப எடுத்துப் பேசுவது. விதி டீச்சருக்கும் சேர்த்துத்தான். இந்தக் கடைசி வரியை நான் சேர்க்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முதல் வாரச் சீட்டுகளைக் கேட்டு வெலவெலத்துப் போனேன். ‘பேசுனா நூறு தோப்புக்கரணம்.’ ‘வீட்டுப்பாடம் எழுதாட்டி வெயில்ல முட்டி போடணும்.’ ‘பொய் சொன்னா வாயில மொளகாப்பொடி.’ நாற்பத்தொரு சீட்டில் முக்கால்வாசி இப்படித்தான். எங்கே கற்றார்கள் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

“எல்லாம் தண்டனையாவுல்ல இருக்கு. விதி எங்க?” என்றேன்.

“விதின்னா அதுதான டீச்சர்?” என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் உண்மையாகவே சந்தேகம் கேட்டான்.

“இந்த ரூம்புல எது நடந்தா ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கு? அத மட்டும் எழுதுங்க” என்று டின்னைத் திருப்பிக் கொடுத்தேன். என் சர்வீஸில் நான் சொன்ன உருப்படியான வாக்கியங்களில் அது ஒன்று. யோசித்துச் சொன்னதில்லை, வேறு வழி தெரியாமல் சொன்னது.

அடுத்த வெள்ளிக்கிழமை டின்னுக்குள் வேறொரு வகுப்பு இருந்தது. ஜன்னல் ஓரத்தில் ஒரே ஆள் உட்காரக்கூடாது, வாரா வாரம் மாற வேண்டும். கணக்கைத் தப்பாகப் போட்டவர்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. சத்துணவு வரிசையில் முந்தக்கூடாது. அடுத்தவர் தண்ணீர் பாட்டிலைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. டீச்சர் வகுப்பில் போன் பேசக்கூடாது. இந்த ஐந்தாவதுக்கு மட்டும் நாற்பத்தொரு கையும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. ஆறாவது சீட்டைச் சுருட்டிச் சுருட்டிப் பட்டாணி அளவுக்கு ஆக்கியிருந்தார்கள். பென்சில் எழுத்து. ‘லீவு போட்டு வந்தா ஏன்னு எல்லார் முன்னாடியும் கேக்கக்கூடாது.’

எல்லாரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஏனென்றால் அப்படிக் கேட்பது நான் இல்லை. தலைமையாசிரியர்.

செபஸ்தியான் சார் தினமும் பிரார்த்தனை முடிந்ததும் ஒவ்வொரு வகுப்பாக வருவார். வெள்ளைச் சட்டை, பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்பு ஒன்று, கையில் நீளவாட்டு நோட்டு. அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளையைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். முந்தின நாள் வராதவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, நோட்டைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றிப் பின்னால் செருகிக்கொண்டு, “சொல்லுங்க, கேப்போம்” என்பார். வகுப்பு மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். “காய்ச்சல் சார்.” “எத்தன நாளா?” “ரெண்டு நாளா சார்.” “ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? என்ன மாத்திர குடுத்தாங்க?” பொய் சொன்னவன் மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொள்வான். உண்மையைச் சொல்ல வேண்டியவனோ முதல் கேள்விக்கே அழுதுவிடுவான், ஏனென்றால் உண்மை பெரும்பாலும் வீட்டுச் சங்கதியாக இருக்கும்.

கெட்ட மனிதரே இல்லை. சனிக்கிழமைகளில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குள் தானே இறங்கித் தேய்த்துக் கழுவுகிற தலைமையாசிரியரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நாலு பேர் முன்னால் பதில் சொல்லக் கூச்சப்பட்டாவது பிள்ளை ஒழுங்காக வந்துவிடும் என்று அவர் நம்பினார். அவ்வளவுதான்.

விதிகள் எழுதிய தாளோடு நானும் நாகஜோதியும் அவர் அறைக்குப் போனோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். இரண்டு எழுத்துப் பிழையைச் சிவப்பில் திருத்தினார். ஆறாவதுக்கு வந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

“இது எனக்குப் போட்டதாம்மா?”

நாகஜோதி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். “இல்லங்க சார்” என்றாள். அப்புறம் அவளுக்கே பொறுக்கவில்லை. “ஆமாங்க சார்.”

“யாரு எழுதுனது?”

“பேரு கேக்கக்கூடாது சார். அதுவும் விதி.”

சிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. நீலப் பேனாவை எடுத்து, ‘ஒரு மாதம் நடைமுறைப்படுத்திப் பார்க்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னிடம், “எட்டு பி-யில இனி நான் கேக்கல டீச்சர். நீங்க கேட்டுக்கங்க” என்றார். இந்தக் கடைசி இரண்டு வார்த்தையை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. முன்பெல்லாம் ஒரு நாள் லீவு போட்டவன், எழுந்து நிற்கப் பயந்து அதை மூன்று நாளாக்கிவிடுவான். இப்போது மறுநாளே வந்து உட்கார்ந்தார்கள். மாதம் முடிந்து திரும்ப எடுத்துப் பேசியபோது ஆறு விதியும் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். மற்ற வகுப்புப் பிள்ளைகள் வந்து ஜன்னல் வழியாக எங்கள் விதித்தாளை வாசித்துவிட்டுப் போனார்கள். ஆசிரியர்களின் மாதக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். கை தட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் போயிற்று.

வருகைப் பதிவேட்டை ஒட்டி விடுப்புக் காரணம் எழுதும் நோட்டு ஒன்று உண்டு. அதில் எல்லாருக்கும் நானே ‘சொந்த வேலை’ என்று எழுதிவிடுவேன். ஒருவரையும் கேட்பதில்லை. பிள்ளைகள் போட்ட விதியை மதிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், கேட்காமல் இருப்பது சௌகரியமாக இருந்தது. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். அந்த வருடம் எனக்கு மகள் கல்யாண வேலை வேறு.

பாண்டிச்செல்வி என்று ஒரு பிள்ளை, மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்காருவாள். கணக்கில் கெட்டி, பேச்சில் சிக்கனம். கார்த்திகையில் இரண்டு நாள் வரவில்லை. மார்கழியில் ஐந்தாறு நாள். தை பிறந்ததும் வாரத்தில் பாதி நாள் அவள் இடம் காலி. வருகிற நாளில் நோட்டைத் திருத்த என் மேசைக்குக் கொண்டுவருவாள். திருத்திக் கொடுத்த பிறகும் போகாமல் அங்கேயே நிற்பாள்.

“என்ன தாயி, முடிஞ்சிருச்சுல்ல? போயி உக்காரு” என்பேன். போய்விடுவாள்.

அவள் பெயருக்கு நேரே ‘சொந்த வேலை’, ‘சொந்த வேலை’ என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனேன்.

தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை விதிகளைத் திரும்பப் பார்க்க உட்கார்ந்தபோது நாகஜோதி எழுந்தாள்.

“ஆறாவது விதிய எடுத்துரணும் டீச்சர்.”

“ஏன்? நல்லாத்தான போயிட்டிருக்கு?”

“செல்வி எட்டு நாளா வரல. நீங்க ஏன்னு கேக்கவே இல்லயே.”

“கேக்கக்கூடாதுன்னு நீங்கதான போட்டீங்க?”

வக்கீல் மாதிரி மடக்கிவிட்ட திருப்தி எனக்கு. அவள் உட்காரவில்லை. “ஹெச்.எம். சார் கேட்டுக்கிட்டு இருந்தப்ப அவ நின்னு அழுவா. ஆனா அவ வரலன்னு யாராச்சும் கேட்டாங்கல்ல டீச்சர்” என்றாள். “திங்கக்கிழம அவுங்கம்மா வந்து டி.சி. வாங்கப் போறாங்க. மினி பஸ்ல சொன்னாங்க.”

“எதுக்கு வாங்குறாங்களாம்?”

“தெரியல. அவ யார்ட்டயும் சொல்ல மாட்டா.”

மறுநாள் சனிக்கிழமை. மினி பஸ்ஸில் போய் இறங்கி, விசாரித்துக்கொண்டு செல்வி வீட்டுக்குப் போனேன். பாண்டிச்செல்வி வாசற்படியை அடைத்துக்கொண்டு குறுக்கே உட்கார்ந்து, சின்ன வெங்காயத்துக்கு வால் அறுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள், ஒருவர் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்துகொண்டே இருந்தார். என்னைப் பார்த்தும் நிற்கவில்லை. அது அவளுடைய அப்பா.

அவள் அம்மா கொல்லையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தார். பழனிப் பக்கத்துக்காரர். “வாங்க டீச்சர். உக்காருங்க” என்று சாக்கை உதறிப் போட்டார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொல்லத் தொடங்கிவிட்டார்.

“இவருக்கு மனசு சரியில்லீங்க. ரெண்டு வருசமா இப்படித்தானுங்க. கதவு தொறந்திருந்தா நடந்துருவாருங்க. போன தைப்பூசத்துக்கு, நடந்து போற கூட்டத்தோட சேந்து பழனிக்கே போயிட்டாருங்க. அஞ்சு நாள் தேடுனோம். அன்னதானப் பந்தல்ல உக்கார வெச்சிருந்தாங்க. இப்பவும் ரோட்டுல பாட்டுச் சத்தம் கேட்டாப் போதும், கெளம்பிருவாருங்க.”

மந்திரித்தாயிற்று, கயிறு கட்டியாயிற்று. ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகவில்லை. அந்த அம்மா விடியும் முன்னே பஸ் பிடித்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் தரம் பிரிக்கப் போக வேண்டும், போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அம்மா வேலைக்குப் போனால் படியை அடைத்து உட்கார ஓர் ஆள் வேண்டும். வேறு ஆள் இல்லை.

“பொட்டப்புள்ளைக்கு எட்டு வரைக்கும் படிச்சது போதுமுங்க” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் செல்வியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா தாயி?” என்றேன். கொஞ்சம் கண்டிக்கிற குரலில்தான் கேட்டேன், அதுதான் என் லட்சணம்.

அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அந்தச் சீட்ட எழுதுனதே நான்தான் டீச்சர்” என்றாள்.

“எந்தச் சீட்ட?”

“ஆறாவது. ஹெச்.எம். சார் கேட்டப்ப வயித்து வலின்னு சொன்னேன். என்ன மாத்திரன்னு கேட்டாரு, தெரியாம முழிச்சேன், எல்லாரும் சிரிச்சாங்க. எல்லார் முன்னாடியும் வேணாம்னுதான் டீச்சர் எழுதுனேன். நீங்க தனியாக் கூப்புட்டுக் கேப்பீங்கன்னு நெனச்சேன். நோட்டு குடுக்கைலல்லாம் நின்னேன்ல?”

இருபத்திரண்டு வருட சர்வீஸில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. பிரம்பால் அடித்ததற்குக்கூட நான் அப்படிக் கூசியதில்லை. ஒரு பிள்ளை தன்னைக் கேட்கச் சொல்லி மூன்று மாதம் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறாள். நான் போய் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்குப் போகாமல் நேராகப் பள்ளிக்குப் போனேன். செபஸ்தியான் சார் தொட்டிக்குள் இருந்தார். தேய்க்கிற சத்தம்தான் வெளியே கேட்டது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஏறி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, எப்போதும் போல மெதுவான குரலில் சொன்னார்.

“நான் கேட்டப்ப அந்தப் புள்ள பொய்யாவது சொல்லுச்சு. நீங்க அதுக்குக்கூட வழி வைக்கலயே டீச்சர்.”

மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு அவரே, “அது பொய்யின்னு எனக்கும் அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே வயித்து வலின்னு நோட்டுல ஏத்துனேன். நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான்” என்றார். என்னைத் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்க விடாமல் தானும் வந்து பக்கத்தில் நின்ற மேலதிகாரி எனக்கு வாய்த்தார். அதை இன்றைக்கும் பெரிய பேறாக நினைக்கிறேன்.

திங்கட்கிழமை செல்வியின் அம்மா டி.சி. கேட்டு வந்தார். சார் முதலில் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நோட்டு, பேனா எதையும் எடுக்கவில்லை. “திண்டுக்கல் பெரியாஸ்பத்திரில இதுக்குன்னே டாக்டர் இருக்காரும்மா. காட்டுவோமா?” என்றார்.

அந்த அம்மா பயந்துபோனார். “பைத்தியம்னு எழுதிக் குடுத்துருவாங்களாங்க? நாளைக்கு இந்தப் புள்ளைய யாருங்க கட்டுவாங்க?”

“சர்க்கரைக்கு மாத்திர எழுதுறாங்கல்ல, அதே மாதிரி சீட்டுலதான் எழுதுவாங்க. நாங்களும் கூட வாரோம்.”

டி.சி. வாங்காமல் போனார். மறுநாள் நாங்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே கூட்டம், எங்கள் முறை வர மதியம் ஆகும் என்றார்கள். செல்வியின் அப்பாவால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை, எழுந்து நடந்தார். செல்வியின் அம்மாவும் நானும் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தோம். செபஸ்தியான் சார், “விடுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து அவரோடு சேர்ந்து நடந்தார். நடைக்கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும், திரும்ப இந்தக் கோடிக்கும். ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டு மணி நேரம், பெயர் கூப்பிடும் வரை நடந்தார். வாத்தியார் வேலை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நடைதான்.

மாத்திரை உடனே வேலை செய்துவிடவில்லை. முதல் மாதம் செல்வியின் அப்பா தூங்கிக்கொண்டே இருந்தார். அவர் தேறும் வரை, பக்கத்து வீட்டில் இருந்த மார்க்கெட் கூட்டாளி ஒருவரும் செல்வியின் அம்மாவும் நாள் மாற்றி வேலைக்குப் போய், மற்ற நாளில் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அப்படியும் செல்வி வர முடியாத நாட்களில் நாகஜோதி நோட்டுகளை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். காரணத்தை அவள் கடைசி வரை கேட்கவில்லை என்று செல்வியே சொன்னாள். எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாத வாய் என்று அவளைப் பற்றி எழுதினேன் இல்லையா, அது என் தப்பு. பங்குனி கடைசியில், அந்த மனிதர் தானே படியில் உட்கார்ந்து வெங்காயம் அறுத்தார் என்று செல்வி என்னிடம் வந்து சொன்னாள். நான் கேட்டேன், அவள் சொன்னாள்.

இடையில் மாசி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வகுப்பு முன்னால் நின்று, “ஆறாவது விதிய நான் தப்பா நடத்திட்டேன். என்ன நடந்துச்சுன்னு சொல்ல முடியாது, அது என் சொந்தச் சங்கதி இல்ல. ஆனா தப்பு என்னோடது. நீங்க அத மறுபடி எழுதித் தாங்க” என்றேன்.

டின் வந்தது, சீட்டுகள் வந்தன. தனியாகக் கேட்க வேண்டும் என்பதில் எல்லாருக்கும் சம்மதம். ஒருவன் எழுந்து, “தனியாக் கேட்டும் சொல்லப் புடிக்காட்டி?” என்றான். “விட்டுறணும்” என்றாள் நாகஜோதி. “அப்ப பழைய மாதிரியே ஆயிரும்ல?” என்றான் அவன். அவன் கேட்டது நியாயம்தான். நாகஜோதி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அதுவரை ஒரு வெள்ளிக்கிழமைகூட வாய் திறக்காத செல்வி எழுந்து நின்றாள். “மறுநாளும் கேக்கணும்” என்றாள்.

விதி இப்படி நிறைவேறியது: ‘லீவு போட்டு வந்தவங்கள அன்னைக்கே தனியாக் கேக்கணும். சொல்லப் புடிக்காட்டி விட்டுறணும். மறுநாளும் கேக்கணும்.’ தாளைச் செபஸ்தியான் சாரிடம் கொண்டுபோனோம். சிவப்புப் பேனாவைத் திறந்தார், வாசித்தார், மூடினார். ஒன்றையும் திருத்தவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எந்த வகுப்பிலும் அவர் “சொல்லுங்க, கேப்போம்” என்று கேட்கவில்லை.

கவிதா, டின்னும் சீட்டும் உனக்கு ட்ரெய்னிங்கிலேயே சொல்லியிருப்பார்கள். அதைவிட இதைக் கவனித்துக்கொள். கேட்கும்போது கையில் பேனா வைத்துக்கொள்ளாதே. ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிடாதே. நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்துகொண்டே கேட்பேன், முகத்துக்கு முகம் பார்க்காமல். பாதிப் பேர் காய்ச்சல் என்பார்கள், அது காய்ச்சலாகவே இருக்கும். பிள்ளைகள் போட்ட விதியைப் பின்பற்றுவது சுலபம். அவர்கள் அதை எதற்காகப் போட்டார்கள் என்று யோசிப்பதுதான் நம் வேலை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவுப் பிள்ளைகள், அவர்களுக்கு நான் கடைசி வரை கடமைப்பட்டவள்.

செல்வி பத்து, பன்னிரண்டு, காலேஜ் எல்லாம் முடித்து இப்போது டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறாள். இதை எழுதலாமா என்று, கடையில் ஆள் குறைந்த நேரமாகப் பார்த்துப் போய்க் கேட்டேன். “எழுதுங்க டீச்சர். பேர மட்டும் மாத்திருங்க. ஊரையும் சொல்லாதீங்க” என்றாள். மாற்றியிருக்கிறேன்.

ஆனால் இன்னொன்றையும் எழுதப்போகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. அது அவள் பத்தாம் வகுப்புப் படித்தபோது நடந்தது. நான் மூன்று நாள் லீவு போட்டிருந்தேன். மார்பில் ஒரு கட்டி. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், முடிவு வர ஒரு வாரம் ஆகும். ஒன்றுமில்லை என்றுதான் பின்னால் வந்தது, ஆனால் அன்றைக்கு அது தெரியாது. வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. என் விடுப்பு விண்ணப்பத்திலும் ‘சொந்த வேலை’ என்றுதான் எழுதியிருந்தேன். ஸ்டாஃப் ரூமில், “என்ன டீச்சர், மக வீட்டுல விசேஷமா?” என்று சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

சாயங்கால மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது தண்ணீர்த் தொட்டிப் பக்கம் செல்வி நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கிட்டத்தில் வந்தாள்.

“மூணு நாளா ஏன் டீச்சர் வரல?”

“ஒண்ணுமில்ல தாயி. சொந்த வேல.”

என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். ரோட்டில் மினி பஸ் ஹாரன் அடித்தது.

“சரி டீச்சர். நாளைக்கும் கேப்பேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

நாலு எட்டு வைத்திருப்பாள். “செல்வி, நில்லு” என்றேன். நின்றாள். சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. மினி பஸ் இரண்டாவது தடவை ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போனது. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.